கேட்டடி மண்

“நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்.”

“சொல்லிட்டு? என்னைப் பிடிச்சுட்டுப் போனாங்கன்னா மாட்டுக்குத் தண்ணி யாரு காட்டுவா?”

“இப்பவும் நான்தான் காட்டுறேன். நீ தொட்டி ஓரமா சாஞ்சு நின்னு அரசாங்கத்தைத் திட்டிட்டு வருவ.”

“மெல்லப் பேசு கிளெனிஸ். அந்தப் பொண்ணு மேட்டு மேலதான் இருக்கா. காத்து இங்கேருந்து அங்க அடிக்குது.”

“கேக்கட்டும்னுதான் பேசுறேன்.”

எல்வின் பஃப்டன் தொப்பியைக் கழற்றி, அதன் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். மனைவிக்குச் சொல்லப் பதில் கிடைக்காத வேளைகளில் அவர் செய்வது அது. இருவரும் தங்கள் ட்ரெவெர்ன் பண்ணையின் மேட்டுநிலத்து கேட்டில் நின்றிருந்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம், என் நிலத்தில், அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காகக் குரலைத் தாழ்த்தவில்லை. ராட்னர் மலைச்சரிவில் பக்கத்துப் பண்ணைக்காரன் என்பவன் பாதி வீட்டு ஆள். மீதி, வேலிக் கம்பம்.

மேடு என்று நாங்கள் சொல்வது ஒரு கோட்டை. அதில் கல் கிடையாது. என்றோ ஒரு நார்மன் பிரபு ஊராரைப் பிடித்து வட்டமாக அகழி வெட்டவைத்து, வெட்டிய மண்ணை நடுவில் குவித்து, உச்சியில் மரக்கோபுரம் நிறுத்தியிருக்கிறான். மரம் போய்விட்டது. மண் நிற்கிறது, வீட்டுக் கூரையைவிட உயரமாக, புல் போர்த்தி. அதன் காலடியில் மண்கரை சூழ்ந்த ஒரு முற்றம் உண்டு. லாடம் போல வளைந்த கரை. ஒரே ஒரு வாய். மாலை வெயில் சாயும்போது அகழி முழுக்க நிழல் நிரம்பி, தண்ணீர் தேங்கியதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் அதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பேச்சு குறையும், எல்வினைத் தவிர. அவருக்கு அது உழ முடியாத நிலம், அவ்வளவுதான்.

உழ முடியாது என்பது சட்டம். மேட்டில் ஒரு முளைகூட அடிக்கக்கூடாது. மாடு மேயலாம், கூட்டமாக நிறுத்தக்கூடாது, தீவனம் போடக்கூடாது, வண்டி ஏற்றக்கூடாது. ஆனால் தெற்குச் சரிவில் வளைக்கரடிகள் குடியிருந்தன. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை, குட்டையான கால், தோண்டுவதற்கென்றே பிறந்த நகம். அவற்றைத் தொடக்கூடாது என்பது வேறொரு சட்டம். “கோட்டையைத் தோண்ட இந்த நாட்டுல உரிமை இருக்குற ஒரே குடிமகன் அவன்தான்” என்பார் எல்வின்.

வேடிக்கைப் பேச்சாக இருந்தது வசந்தத்தில் நின்றுபோனது. அவருடைய மந்தையில் இரண்டு பசுக்களுக்குக் காசநோய்ச் சோதனை தவறி, லாரி வந்து ஏற்றிப்போனது. மந்தை பூட்டப்பட்டது. தொடர்ந்து இரண்டு சோதனையில் எல்லா மாடும் தேறினால்தான் ஒரு கன்றையாவது விற்கலாம். ஒன்று தேறியாயிற்று. இரண்டாவது, இலையுதிர்காலச் சந்தைக்கு முன்னால். கோடையில் மழை பொய்த்து வைக்கோல் பாதிதான். கன்றுகள் விற்காமல் நின்றால், தாய்க்கும் கன்றுக்கும் சேர்த்து மார்ச் வரை போட அவரிடம் தீனி இல்லை. தாய்மாடுகளைத்தான் வெட்டுக்கு அனுப்பிக் குறைக்க வேண்டும். முப்பது வருடமாக அவர்கள் இருவரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மந்தை.

நோய் வளைக்கரடியிலிருந்து வந்தது என்பது எல்வினின் கட்சி. வாங்கி வந்த காளையிலிருந்து வந்தது என்பது கிளெனிஸின் கட்சி. காளையை வாங்கியவர் எல்வின். எதுவானாலும், இந்தச் சோதனை தேறினாலும், வளைக்கரடி அங்கேயே இருந்தால் அடுத்த சோதனையில் என்ன ஆகும் என்று நினைத்தே அவர் மெலிந்துபோயிருந்தார்.

ஒரு வழிதான் இருந்தது. மாட்டுக்காக வளைக்கரடியை நகர்த்த அனுமதி கிடையாது. ஆனால் பழஞ்சின்னம் ஒன்று அழிகிறது என்று நிரூபணமானால், வளை வாயில் ஒருவழிக் கதவு வைத்து, வெளியே போனது திரும்பி நுழையாமல் செய்து, வேறிடத்தில் புது வளை அமைத்துக் கொடுக்கலாம். அதற்காகத்தான் பழஞ்சின்ன அலுவலகத்திலிருந்து மாரெட் எல்லிஸ் வந்திருந்தாள். இரண்டு நாளாக மேட்டைச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் காலை தேநீர் குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டாள். அதுதான் கேட்டடியில் சண்டையாக நின்றுகொண்டிருந்தது.

இப்போது அவளே இறங்கி வந்தாள். முழங்கால் வரை சேறு, முடியில் முள்ளிலை.

“திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாத்துட்டேன்” என்றாள். “அத்தனை வளை இருக்கு. ஒவ்வொரு வாயிலயும் வண்டிக்கணக்கா மண்ணு தள்ளியிருக்கணும். ஒரு குவியல்கூட இல்ல. வளைக்கரடி தோண்டுன மண்ணத் தின்னுடாது, மிஸ்டர் பஃப்டன்.”

எல்வின் தொப்பியைக் கழற்றினார்.

“தொப்பிக்குள்ள இல்ல அது” என்றார் கிளெனிஸ். “சொல்லு.”

எல்வின் மேட்டைப் பார்த்தார், வேலியில் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு தன் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

“இங்கதான் நிக்கிறீங்க.”

“எங்க?”

“அது மேல.”

மாரெட் கீழே பார்த்தாள். எங்கள் பக்கத்தில் கேட்டடி என்றாலே சேறுதான். மந்தை முழுக்க ஒரே வாயில் போய்வந்து மிதித்து, குளிர்காலத்தில் கன்றின் வயிறு வரை இறங்கும். ட்ரெவெர்னில் மட்டும் இறங்காது. ஊரே பொறாமைப்படும் கேட்டடி அது.

“வருஷா வருஷம் அள்ளிட்டு வந்து இங்க கொட்டுவேன்” என்றார் எல்வின். “நல்ல மண்ணுங்க. கல்லும் கரியும் கலந்திருக்கும், தண்ணி நிக்காது, மிதிச்சா இறுகிடும். மேட்டை நான் தொடல. அவன் வெளிய போட்டதைத்தான் எடுத்தேன். குப்பைய எடுத்துச் சுத்தம் பண்ணுறதா நெனச்சேன்.”

“எத்தனை வருஷமா?”

“அவன் குடிவந்ததுலேருந்து. எங்க கடைசிப் பொண்ணு பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச வருஷம்.”

“அவளுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க” என்றார் கிளெனிஸ்.

மாரெட் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கார்ச்சாவி நுனியால் தரையில் ஓரிடத்தைக் கிளறினாள். உள்ளங்கையளவு ஓடு ஒன்று வந்தது. ஒருபுறம் கரி படிந்து கறுத்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

“என் பூந்தொட்டியா?” என்றார் கிளெனிஸ்.

“இல்லம்மா. அடுப்புல ஏறுன பானை. கழுத்துப் பக்கம்.” அவள் எழுந்திருக்கவில்லை. “ஒரு கோட்டையோட வயித்துல இருந்ததையெல்லாம் எடுத்து மாட்டுக்கு ரோடு போட்டிருக்கீங்க.”

“நல்ல ரோடுதான்” என்றார் எல்வின்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “இதை நான் எழுதியாகணும். நீங்க எடுத்தீங்கன்னு. தப்பு தப்புதான்” என்றாள்.

“எழுதுங்க. எல்வின் ஜான் பஃப்டன்னு முழுசா எழுதுங்க. இன்னொரு பஃப்டன் கீழ ஊர்ல இருக்கான், அவனுக்குப் பேரு போயிடப்போவுது.”

“அது பெரிசில்ல. பெரிசு வேற. எல்லாம் இங்க வந்துடுச்சுன்னா, மேட்டுக்குள்ள காப்பாத்துறதுக்கு என்ன மிச்சம்னு எங்க மேலிடத்துல கேப்பாங்க. ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா, வளைக்கரடி அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்னு கோப்பை மூடிடுவாங்க.”

எல்வின் தன் காலடியைப் பார்த்தார். தன் கையால் தானே காலி செய்து கொட்டியிருக்கிறோமோ என்ற நினைப்பு அவர் முகத்தில் மேகநிழல்போல் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

“சரி” என்றார் கிளெனிஸ். “அப்ப ரோட்டைத் தோண்டிப் பாத்துடுவோம். பேசிட்டே நின்னா தெரிஞ்சுடுமா?”

அன்று மதியமே ஆரம்பித்தார்கள். கேட்டின் இடது பாதியை மாரெட் கயிறு கட்டிப் பிரித்தாள். மாடுகள் மேட்டுநிலத்திலேயே மேயட்டும், சோதனை நாளன்று இறக்கினால் போதும் என்று முடிவு. மண்ணை வாளியில் அள்ளி, ஓடைக்கரையில் வைத்த உருளைக்கிழங்குச் சல்லடையில் கொட்டி, தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசுவது கிளெனிஸ். நானும் வேலிக் கம்பியை மறந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். ஓடைத்தண்ணீர் விரலை மரக்கவைத்தது. மேற்கே மலை முகட்டில் மழை எப்போதும் ஒரு வயல் தூரத்திலேயே நின்றது. நினைத்தால் வரும், மறந்தால் போகும்.

கிளெனிஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி சொல்லிக்கொண்டே அலசுவார். “பல்லு. பன்னிப் பல்லு, உன் மாமனுக்கு இருந்த மாதிரி. இது ஆணி. இது ஏதோ எலும்பு. இது எல்வினோட சாக்கு ஊசி, நான் திருடிட்டேன்னு ஒரு வருஷம் பேசாம இருந்தான்.”

பத்து மணிக்கு அவர் தட்டையான இரும்புக் கல்லில் சுட்ட உலர்திராட்சை ரொட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார். சேற்றுக் கையாலேயே தின்போம். மதியத்துக்கு ஆட்டிறைச்சியும் லீக் வெங்காயத் தண்டும் போட்டுக் காய்ச்சிய சூப். மாரெட் தின்றுகொண்டே தான் வெட்டிய குழியின் பக்கச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மற்றவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதுபோல்.

ஒரு மதியம் சூப்பைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.

“மிஸ்டர் பஃப்டன், இந்தக் கறுப்புக் கோடு என்ன? ஒண்ணுக்கு மேல ஒண்ணா வருதே.”

“சாணி. குளிர்காலத்துல மாடு போற வழில போட்டது. கொஞ்சம் வைக்கோலும் இருக்கும்.”

“ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்குறது?”

“வசந்தத்துல நான் கொட்டுன வண்டி.”

“அப்ப ஒரு கோடு ஒரு வருஷம்.”

“ஆமா. அந்த நீலக் கயிறு தெரியுதா, வைக்கோல் கட்டுற கயிறு? அது பழைய மிஷின் இருந்தப்போ. மேல வர வர ஆரஞ்சுக் கயிறு. புது மிஷின்காரன் ஆரஞ்சுதான் தருவான்.”

மாரெட் எழுந்து மேட்டைப் பார்த்து, குழியைப் பார்த்து, கையை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகத் திருப்பினாள்.

“கோட்டை தலைகீழா நிக்குது இங்க” என்றாள். “வளைக்கரடி வெளியிலேருந்து உள்ள தோண்டிட்டே போகுது. முதல்ல தள்ளுனது மேட்டோட தோல். அது இங்க அடியில. வருஷம் போகப் போக உள்ளே உள்ளே. கடைசியா தள்ளுனது ரொம்ப ஆழத்துல இருந்தது. அது இங்க மேல. நீங்க கலக்கல. வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்க.”

“பாத்தியா” என்றார் எல்வின் மனைவியிடம்.

“அடுக்கி வச்சான்னா வீட்டுல ஒரு சட்டையையாவது அடுக்கியிருப்பான்” என்றார் கிளெனிஸ்.

குழியின் அடியில் வெறும் களிமண்ணும் புல்வேரும். நடுவில் கருகிய மரத்துண்டு, எலும்பு. மேலே வரவர பானையோடு, நூல் நூற்கும் தக்களியின் கல்வளையம் ஒன்று, ஓட்டை நேராக, இப்போதும் குச்சி செருகலாம் போல. உச்சி அடுக்கில் சிவக்கச் சுட்ட தரைமண்ணின் கட்டிகளும், கருகிய பார்லி மணிகளும். மாரெட் மணிகளைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மூச்சு விட்டால் பறக்கும்.

“இந்த எல்லை ஓரத்துல இருக்குற மேடு எல்லாம் ஒரு சண்டைக்குக் கட்டி, ஒரு குளிர்காலம் இருந்துட்டு, எரிச்சுட்டுப் போனதுன்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. சண்டைக்கு வந்தவன் தக்களி கொண்டுவர மாட்டான். இங்க மேல யாரோ நூல் நூத்திருக்காங்க. அடுப்பு வச்சுக் கஞ்சி காய்ச்சியிருக்காங்க. தரையை ஒரு தடவை பூசி, அது மேல இன்னொரு தடவை பூசியிருக்காங்க. குடும்பம் இருந்திருக்கு. இதுக்கு ஒரு எழுத்துகூட எங்கயும் கிடையாது. இந்த மண்ணு மட்டும்தான்.”

“அப்ப உள்ள மிச்சம் இருக்கா இல்லையா?” எல்வினுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

“தரைமண்ணு இந்த ஒரு அடுக்குலதான் வருது. அப்படின்னா இந்த வசந்தத்துலதான் அவன் அந்தத் தரையைத் தொட்டிருக்கான். இப்பத்தான் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பிச்சிருக்கான். மீதி உள்ள அப்படியே இருக்கு. இப்ப நிறுத்துனா காப்பாத்தலாம். ஆனா…” அவள் குழியைக் காட்டினாள். “வரிசை புரியறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்து மேல் அடுக்கை நானே மம்பட்டி போட்டுக் கலக்கிட்டேன். என் தப்பு. இதை வச்சு எழுதுனா நம்ப மாட்டாங்க. வலது பாதியோட மேல் அடுக்குதான் சாட்சி. அதைக் கொத்துக்கரண்டியால எடுக்கணும், அளந்து, படம் பிடிச்சு. ரெண்டு நாள் போதும்.”

அந்த இரண்டு நாளும் மழை பெய்தது. எங்கள் ஊர் மழை, அவசரம் இல்லாதது. மாரெட் தார்ப்பாய் போட்டு வலது பாதியை மூடிவிட்டு, கிளெனிஸின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பானையோடுகளைக் கழுவினாள். எல்வின் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

மூன்றாம் நாள் காலை மழை தூறலாகக் குறைந்தபோது நுரியா வந்துவிட்டாள். ஸ்பெயினிலிருந்து வந்து, சோதனை ஊசியைக் கழுத்தில் போட்டுப் போட்டு எங்கள் மாவட்டத்து மாடுகளின் கழுத்தையெல்லாம் அறிந்த மாட்டு வைத்தியர். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கிக்கொண்டே, “மாடு எங்க, எல்வின்?” என்றாள்.

“மேல.”

“கீழ இருக்கணும்னு சொன்னேனே.”

மாடுகளுக்கு அவளுடைய வண்டிச் சத்தம் தெரியாதா. மந்தை முழுக்க இறங்கி வந்து கேட்டுக்கு உட்புறம் நின்றது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை முகம். மூச்சு புகைந்தது. முன்னால் நின்ற கிழப்பசு தார்ப்பாய் விளிம்பை முகர்ந்து, ஒரு குளம்பை அதன்மேல் வைத்தது. எல்வின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். தன் மாட்டைத் தன் கேட்டில் தானே மறித்து நின்ற மனிதனை அன்றுதான் பார்த்தேன்.

மாரெட் மண்டியிட்ட இடத்திலிருந்து நிமிர்ந்தாள். “இந்த ஈரத்துல இத்தனை மாடு போனா, மேல் அடுக்கு சாணியோட சாணியா ஆயிடும். எனக்கு நாளைக்கு வரைக்கும் வேணும்.”

“எனக்கு நாளைக்கு வேற பள்ளத்தாக்கு” என்றாள் நுரியா. “ஊசி போட்டு மூணாம் நாள் கையால தடவிப் பாக்கணும். இன்னைக்கு விட்டா அடுத்த தேதி சந்தைக்கு அப்புறம்தான். நான் கெடுதல் பண்ணணும்னு சொல்லல. நாள் இல்ல.”

“ரோட்டு வழியா?” என்று கேட்டேன்.

“பூட்டின மந்தை ரோட்ல கால் வைக்கக்கூடாது. உங்க நிலத்துலயும் கூடாது, உங்க மாடு இருக்கு. அந்தப் பக்கம் ஓடை பொங்கிட்டு ஓடுது.”

கிளெனிஸ் கணவரைப் பார்த்தார். “இன்னைக்கு மாட்டை விட்டா வளைக்கரடி போகாது. விடலைன்னா கன்னு போகாது. எது வேணும்னு சொல்லு, நான் செஞ்சுடுறேன். ஆனா சீக்கிரம் சொல்லு, அவ இன்னொரு காலையும் வைக்கப்போறா.”

எல்வின் கிழப்பசுவின் நெற்றியில் கைவைத்துத் தள்ளினார். அப்போது காற்று திரும்பி மழை பக்கவாட்டில் அறைந்தது. கிழப்பசு தலையை உதறி, கேட்டில் இனிக் காரியமில்லை என்று முடிவு செய்ததுபோல் திரும்பி நடந்தது. மற்றவை பின்னால் போயின. மழைக்கு அவை எப்போதும் ஒதுங்கும் இடம் மேட்டு முற்றத்துக் கரைதான். ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒரே வாய் வழியே நுழைந்து, கரையின் மறைவில், வால்களை மழைக்குக் காட்டி நின்றன.

எல்வின் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உன் கூண்டு சக்கரம் வச்சதுதானே?”

மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கூண்டைச் சொன்னார். அவருடையது தொழுவத்தில் சிமெண்டில் பதித்தது.

“ஆமா.”

“உன் நிலத்து வழியா இழுத்து, நம்ம வேலியில இருக்குற மேல் கேட்ல விட முடியுமா? கூண்டு அப்படிப் போறதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையே?”

“சக்கரத்தைக் கழுவிட்டா இல்ல” என்றாள் நுரியா. “எனக்குக் கழுத்து ஆடாம நிக்கணும். கோட்டையில நின்னா என்ன, தொழுவத்துல நின்னா என்ன.”

“கிளெனிஸ், தொழுவத்து ரப்பர் பாயெல்லாம் அவிழ்த்து எடு.”

“ஏற்கெனவே போயிட்டிருக்கேன்” என்றார் கிளெனிஸ். அவர் பாதி தூரத்தில் இருந்தார்.

மாரெட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு, மேட்டை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். முற்றத்தின் வாயில் நின்று, குதிகாலால் புல்லை அழுத்தினாள். குதிகால் எடுத்த இடத்தில் தண்ணீர் மெதுவாக ஊறி நிரம்பியது. இன்னொரு இடத்தில் அழுத்தினாள். அங்கே ஊறவில்லை.

“இதுக்கு அடியிலயும் தரை இருக்கு” என்றாள். “குதிரை லாயமோ, சமையல்கட்டோ, தெரியாது. யாரும் பாத்ததில்ல. மாட்டை இங்க கூட்டமா நிறுத்தலாமான்னு சொல்ல வேண்டியவ நான்தான். கேட்டடிய காப்பாத்துறேன்னு இதைக் கெடுத்தேன்னா?”

எல்வின் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை உள்ளே பார்க்கவில்லை. மழை அவர் வழுக்கைத் தலையில் விழுந்து காதோரம் இறங்கியது. உள்ளே மாடுகள் அசைபோடத் தொடங்கியிருந்தன. கீழே தொழுவத்திலிருந்து கிளெனிஸ் பாய்களை இழுக்கும் சத்தம் வந்தது.

“ஒரு முளை அடிக்க மாட்டேன்” என்றார். “டிராக்டர் கரைக்கு வெளியவே நிக்கும். கூண்டு இந்த வாயில, பாய் மேல. அதுங்க உள்ள நிக்கிறது நிக்கட்டும், ஒண்ணொண்ணா கூப்பிடுறேன், என் குரலுக்கு வரும், ஓடாது. நீங்க இங்கேயே நின்னு பாருங்க. எந்த இடத்துல மண்ணு தெரிஞ்சாலும் கையத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்தி எல்லாத்தையும் வெளிய ஓட்டிடுறேன், அப்புறம் கன்னு விக்காட்டியும் உங்களைக் கேக்க மாட்டேன். சரின்னு மட்டும் சொல்லுங்க, மாரெட்.”